தம்பி செய்த வைனுக்கு ஒரு பெயர்

இதை எழுதவென்று ஒரு கொப்பி வாங்கி நாலு வருடமாகிறது. முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டேன். அதற்குக் கீழே ஒரு வரியும் வரவில்லை. நவராத்திரிக்கு எடுத்தேன், வைத்தேன். திருவெம்பாவைக்கு எடுத்தேன், அந்த நாட்களில் எழுதக்கூடிய சங்கதியா இது என்று திரும்பவும் வைத்தேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை வரும் என்ற பயம் ஒரு பங்கு. மற்ற மூன்று பங்கும், கோயில் மடைப்பள்ளியில் என்னோடு இருந்து மோதகம் பிடிக்கிற பெண்கள் படித்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். ஏனென்றால் விஷயம் வைனைப் பற்றியது.

இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்தினால் அதுவும் பிழையாகப் போகும். சொல்லி முடித்து விடுகிறேன்.

என் பெயர் தவமணி. கோண்டாவில் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன முந்திரிகைத் தோட்டம் இருக்கிறது. திராட்சையை நாங்கள் முந்திரிகை என்றுதான் சொல்வோம். என் ஒரே தம்பி சிவநேசன் சுவிஸுக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. சண்டைக் காலத்தில் போனவன். முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினான், பிறகு கட்டடங்கள் துடைத்தான், கடைசியில் பாடன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிகைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான். எங்களுக்கு அதில் பெருமை. அக்காவும் முந்திரிகை, தம்பியும் முந்திரிகை என்று என் வீட்டுக்காரர் சந்தையில் சொல்லித் திரிவார். தம்பியும் கிழமைக்கு ஒருமுறை போன் எடுத்து, இலையில் சாம்பல் பூக்கிறது, கொடி மொட்டு விட மாட்டேன் என்கிறது என்று ஏதாவது கேட்பான். நானும் ஊரை ஆளுகிற விதானையார் மாதிரிப் பதில் சொல்வேன். அந்தப் பழத்தை யாரோ வாங்கிக் கழுவிச் சாப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பழத்தை வேறு என்ன செய்வார்கள்?

அந்த வருடம் சித்திரைக்கு முன் ஒருநாள், "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ அக்கா. உங்களிட்டை ஒண்டு கேக்க வேணும். போனில கேக்க ஏலாது" என்றான்.

"சிறுநீரகம் ஏதும் கேக்கப் போறானோ தெரியாது. ரெண்டையும் குடுத்திட்டு வந்திடாதை" என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் என்னை வழியனுப்பினார்.

போய் இறங்கியது ஒரு திங்கட்கிழமை. சித்திரை வெயிலில் இருந்து போனவளுக்கு அங்கே சித்திரையிலும் மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது. தம்பி கொண்டுவந்த குளிர்ச்சட்டைக்குள் என்னைப் போட்டுப் பூட்டினான். கையை மடக்க முடியவில்லை. கும்பிடக்கூட முடியாத உடுப்பு.

வீடு மூன்றாம் மாடியில். தம்பி மனைவி வசந்தி முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறாள். மகள் அபி அங்கேயே பிறந்து வளர்ந்து, சூரிச்சில் படிக்கிறாள். சாமி, வரவேற்பறை அலுமாரிக்குள். பூசை மணியை நான் ஊரில் அடிக்கிற மாதிரி அடித்தேன். வசந்தி ஓடி வந்து மணியைக் கையால் பொத்தினாள். "மச்சாள், கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இரண்டு தரம் மெல்லமாய் அடிச்சால் காணும்" என்றாள்.

அங்கே உடுப்புத் துவைக்கவும் முறை இருக்கிறது. நிலவறையில் ஒரு இயந்திரம். இந்த வீட்டுக்கு இன்ன நாள் என்று சுவரில் கடதாசி ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் கோயில் திருவிழாவில் உபயகாரருக்கு நாள் ஒதுக்குவது போல. வசந்தியின் உபயம் வியாழக்கிழமை.

செவ்வாய்க்கிழமை அபி என்னைச் சூரிச்சுக்குக் கூட்டிப் போனாள். தெரு நடுவில் மணி அடித்துக்கொண்டு டிராம் ஓடுகிறது. அதற்கு மணி அடிக்க அனுமதி இருக்கிறது, பிள்ளையாருக்கு இல்லை. தமிழ்க் கடைகள் இருக்கிற தெருவில் கற்பூரம், வெற்றிலை, வாழைக்காய் எல்லாம் வாங்கினோம். என்னைவிடச் சொகுசாகப் பிளேனில் வந்த முருங்கைக்காயும் கிடந்தது.

திரும்பி வரும்போதுதான் அலங்கோலம். நிலையத்தில் அபி பைகளோடு முதலில் ஏறினாள். நான் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்து நிமிர்வதற்குள் கதவு மூடிக்கொண்டது. திறக்கும் என்று நின்றேன். ஒரு வீட்டுக் கதவு மூடியிருந்தால் வெளியே நின்று செருமுவது நம் வழக்கம். நானும் ஒருமுறை செருமினேன். உள்ளே அபி கண்ணாடியில் விரலால் எதையோ குத்திக் குத்திக் காட்டினாள். நான் கையசைத்தேன். ரயில் போய்விட்டது.

பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார மனுசி என் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். ஆறுதல் என்று மட்டும் விளங்கியது. அப்போது செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவர் கையில் குப்பை பொறுக்கும் இடுக்கியோடு வந்தார்.

"அம்மா, தமிழோ?"

"ஓம் தம்பி. ரயில் என்னை விட்டிட்டுப் போட்டுது."

"கதவில இருக்கிற பட்டனை அமத்தேல்லையோ? அமத்தினால்தான் திறக்கும். என்ரை மாமியும் போன வருசம் இதே இடத்திலதான் நிண்டவ. பயப்பிடாதேங்கோ, பிள்ளை அடுத்த தரிப்பில இறங்கித் திரும்பி வரும்" என்று என்னை வாங்குப் பலகையில் இருத்தினார். "ஆரிட்டை வந்தனீங்கள்?"

"பாடன் பக்கம். சிவநேசன் எண்டு என்ரை தம்பி. முந்திரிகைத் தோட்டத்தில வேலை."

அவர் முகம் மலர்ந்தது. "ஓ, வைன் சிவமண்ணையோ? அவரின்ர அக்காவோ நீங்கள்? போன நத்தார்ப் பண்டிகைக்கு என்ரை முதலாளிக்கு அவரிட்டைத்தான் ரெண்டு போத்தல் எடுத்துக் குடுத்தனான். மனுசன் இண்டைக்கும் அதையே சொல்லிக்கொண்டு திரியிது."

"என்ன போத்தல்?" என்று கேட்டேன்.

அவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். கையிலிருந்த கற்பூரப் பொட்டலத்தைப் பார்த்தார். "பழ யூசும் செய்யிறவை எண்டு நினைக்கிறன் அம்மா" என்றார். அந்த நேரம் பார்த்து மேடையின் மற்ற அந்தத்தில் நிறையக் குப்பை அவருக்குத் தெரிந்துவிட்டது.

அன்று பின்னேரம் புட்டுக்கு முன்னால் விசாரணை நடந்தது.

"நான் பொய் சொல்லேல்லை அக்கா" என்றான் தம்பி. "முந்திரிகைத் தோட்டம் எண்டு சொன்னனான். முந்திரிகைத் தோட்டம்தானே?"

"மிச்சத்தை ஆர் சொல்றது?"

வசந்தி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். "அக்காவுக்குச் சொல்லாதை, அக்காவுக்குச் சொல்லாதை எண்டு இந்த மனுசன் இத்தனை வருசமாச் சொல்லிச் சொல்லி என்ரை காது புளிச்சுப் போச்சு மச்சாள்."

சாம்பல் நோய்க்கு நான் சொன்ன புத்தியெல்லாம் யார் யாருடைய வெறிக்கோ போயிருக்கிறது என்று நினைக்க எனக்குப் புட்டு இறங்கவில்லை. "நீயும் குடிக்கிறனியோ?" என்று கேட்டேன்.

"வாயில விட்டுப் பாத்திட்டுத் துப்புறனான். அது வேலை அக்கா."

"துப்புறதுக்கோ இவ்வளவு பாடு?"

அபி விழுந்து விழுந்து சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒருக்கா வந்து பாருங்கோ. பாத்திட்டுப் பேசுங்கோ" என்றான்.

புதன்கிழமை காலை போனோம். ஒரு சரிவு முழுக்க முந்திரிகை. எங்கள் ஊரில் கொடியைத் தூண் நட்டுக் கம்பிப் பந்தலில் ஏற்றுவோம். கீழே பாய் விரித்துப் படுக்கலாம். அங்கே கொடிகள் இடுப்பளவு உயரத்தில், பள்ளிக்கூட முற்றத்தில் தேகப்பியாசத்துக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரிக் கை நீட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நின்றன. மொட்டுகள் அப்போதுதான் பஞ்சு வைத்திருந்தன. கொடிகளுக்கு நடுவில் புல்லும் மஞ்சள் பூவும். ஊரில் என் தோட்டத்தில் இப்படிப் புல் நின்றால் அயலார் என்னைப் பற்றிக் கதைப்பார்கள்.

தோட்டத்துக்குச் சொந்தக்காரி உர்சுலா. எழுபது வயதிருக்கும். முழங்கால் வரை சப்பாத்து, குட்டை வெள்ளைத் தலைமயிர். மண் ஒட்டிய கையால் என் கையைப் பிடித்து, "அக்கா" என்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தம்பி என்னைப் பற்றிக் கதைத்ததைக் கேட்டுக் கேட்டு, அதுவே என் பெயர் என்று நினைத்திருக்கிறார். நான் திருத்தவில்லை. பிற்பாடு வெட்கத்தில் எனக்கும் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், அக்கா என்றே நானும் சொன்னேன். இரண்டு அக்காமார் ஒருவரை ஒருவர் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினோம்.

ஒரு மூலையில் மண்ணைக் கிண்டினார்கள். கிழங்கு ஏதோ என்று எட்டிப் பார்த்தேன். மாட்டுக் கொம்புகள்.

"பசுவின்ர கொம்பு அக்கா" என்றான் தம்பி. "இலையுதிர் காலத்தில உள்ளுக்குச் சாணியை அடைச்சுப் புதைக்கிறது. பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள்ள கிடக்கும். இப்ப எடுத்து, மழைத்தண்ணியில கரைச்சு, நிலத்துக்குத் தெளிக்கிறது. வேற உரம் இல்லை. பூச்சிக்கு நஞ்சும் இல்லை. இதைப் பயோடைனமிக் எண்டு சொல்லுவினம்."

"பசுவைக் கொன்றுபோட்டோ கொம்பு எடுத்தது?"

"இல்லை, இல்லை. வயசு போய்ச் செத்த மாடுகள். உர்சுலா ஒவ்வொரு கொம்பிலையும் பேர் எழுதி வைச்சிருக்கிறா."

ஒரு கொம்பைத் தட்டினார்கள். உள்ளிருந்து கன்னங்கரேலென்று ஒன்று விழுந்தது. சாணி மணம் கொஞ்சமும் இல்லை. முதல் மழை விழுந்த நிலத்தின் மணம். குழைத்த மா போல மெத்தென்று இருந்தது.

மதியம் உர்சுலாவின் அடுப்படியில் சாப்பாடு. உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, பாற்கட்டியோடு சாப்பிடுகிறார்கள். உப்பில்லை, உறைப்பில்லை. நான் கொண்டுபோன மோர் மிளகாயைப் பொரித்து நடுவில் வைத்தேன். உர்சுலா ஒன்றைக் கடித்தார், கண் கலங்கியது, தண்ணீர் குடித்தார், இன்னொன்றை எடுத்தார். சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. இன்று சந்திரன் எந்த ராசியில் நிற்கிறது, இன்று வேர் வேலையா, இலை வேலையா, பழ வேலையா என்று அதில் குறித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கொம்புச் சாணி தெளிக்க நல்லது என்று விரலால் காட்டினார். பஞ்சாங்கம்தான். இராகுகாலம் மட்டும்தான் காணவில்லை. எங்கள் வீட்டில் சந்திரனைப் பார்ப்பது விரதத்துக்கு மட்டும். தோட்டத்துக்குக் கடைக்காரர் சொல்கிற மருந்தைப் பார்த்தால் சரி.

சாப்பாடு முடிந்து தம்பி என்னை உர்சுலா வீட்டு நிலவறைக்குக் கூட்டிப் போனான். ஒரு சின்ன மரப்பீப்பாயில் இருந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தான். வைன் என்றால் இரத்தச் சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது செவ்வரத்தம் பூவைச் சுடுதண்ணீரில் போட்டால் இறங்குகிற இளஞ்சிவப்பு. அந்தப் பக்கம் நின்ற அவன் முகம் அதற்குள்ளால் தெரிந்தது.

"குடிக்கச் சொல்லேல்லை அக்கா. பாருங்கோ, அவ்வளவுதான். மேற்குச் சரிவை உர்சுலா என்ரை கையில விட்டிட்டா. கொடி வெட்டினதில இருந்து பழம் மிதிச்சது வரைக்கும் நான். இதுதான் நானாச் செய்த முதல் வைன். வாற கிழமை போத்தலில அடைக்கிறம். சனிக்கிழமை காலமை லேபிள் அச்சுக்குப் போகுது."

"நல்லது. அதுக்கு என்னை ஏன் கூப்பிட்டனி?"

அவன் குவளையைக் கீழே வைத்தான். "அம்மாவின்ர பேரை வைக்கட்டோ?"

எங்கள் அம்மா நாகம்மா. தெருவில் குடித்துவிட்டு ஒருவன் வந்தால் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு படலைக்குள் வந்துவிடுகிறவர்.

"உனக்கு விசரோ? ஊரில கோயிலுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி அதில வையன் அம்மாவின்ர பேரை. எல்லாரும் செய்யினம்தானே."

"அது காசு அனுப்பிச் செய்யிறது. மேசன் கட்டுவான். இது நான் கையால செய்தது அக்கா." அவன் என்னைப் பார்க்காமல் பீப்பாயின் வளையத்தைத் தடவினான். "அம்மா செத்த நேரம் எனக்கு விசா இல்லை. ஒரு பிடி அரிசி போடக்கூட நான் வரேல்லை. அவவின்ர பேரில நான் இதுவரைக்கும் ஒண்டும் செய்யேல்லை. நீங்கள் மாட்டன் எண்டால் வைக்க மாட்டன். பேர் இல்லாமலே விடுவன்."

வெள்ளிக்கிழமை பூசை முடியச் சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

வியாழன் முழுக்க மழை. வசந்தியின் உபய நாள் என்பதால் நிலவறையில் உடுப்பு மடித்தோம். மேலே இருக்கும்போது விளையாட்டாகப் பேசுகிறவள் அங்கே குரலைக் குறைத்தாள். "மச்சாள், நீங்கள் வேண்டாம் எண்டால் அவர் சண்டை பிடிக்க மாட்டார். ஒண்டும் சொல்லாமல் விட்டிடுவார். அதுதான் எனக்குப் பயம். சண்டை பிடிச்சால் நான் சமாளிப்பன்."

பின்னேரம் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"சிரிக்க ஒண்டும் இல்லை. குடிக்கிற சாமான்."

"நாங்கள் கிழமைக்கு ரெண்டு தரம் மருந்து அடிச்சுப் பழம் விக்கிறம். அதைத் தின்னுறவனுக்கு என்ன வருமோ கடவுளுக்குத்தான் தெரியும். உன்ரை தம்பியின்ரதைக் குடிச்சால் வெறி மட்டும்தானே வரும். விடிய முறிஞ்சிடும்."

"நாங்கள் பிள்ளையாருக்கு வைக்கிற பழமும் அதுதானே" என்றேன். இரண்டு பேரும் அதைப் பற்றி முன்பு ஒருநாளும் கதைத்ததில்லை. அதற்காக வைன் நல்லதென்று ஆகிவிடாது. ஆனாலும் போனை வைத்த பிறகு எனக்கு முன்பிருந்த கோபம் இல்லை. கோபம் இல்லாமல் யோசிப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விரதம். காலையில் தம்பியிடம், "இண்டைக்குத்தானே உன்ரை சரிவுக்குத் தெளிக்கிறது? தொடங்க முதல் ஒரு பிள்ளையார் பிடிச்சு வைக்க வேணும். சாணி எடுத்து வை" என்று சொன்னேன். ஓம் என்றான்.

பின்னேரம் தோட்டத்துக்குப் போனபோது அவனைக் காணவில்லை. கொட்டிலில் ஒரு மரப்பீப்பாய் நிறைய வெதுவெதுப்பான மழைத்தண்ணீர். பக்கத்தில் ஒரு மண்சட்டியில் சாணி தயாராக இருந்தது. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை என்று மனம் குளிர்ந்தது. இவ்வளவு அருமையான சாணியை நான் என் சீவியத்தில் பிடித்ததில்லை. கையில் ஒட்டவில்லை, வெடிக்கவில்லை. அந்த ஆசையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே பிடித்தேன். தும்பிக்கை வைத்தேன், வயிறு வைத்தேன். அறுகம்புல் கிடைக்கவில்லை, அந்த நாட்டுப் புல்லையே குத்தினேன். பிள்ளையார் எல்லா நாட்டுக்கும் போனவர்தானே. மஞ்சள் பூ வைத்து, கற்பூரம் கொளுத்தி, சுவிஸ் வந்து முதல் தடவையாக யாரும் மணியைப் பொத்தாமல் நன்றாக அடித்துக் கும்பிட்டேன்.

கும்பிட்டு நிமிர, மாட்டுக் கொட்டில் பக்கமிருந்து தம்பி வந்தான். கையில் ஒரு வாளியில் பச்சைச் சாணி.

"இந்தாங்கோ அக்கா, நீங்கள் கேட்ட சாணி" என்றவன் மண்சட்டியைப் பார்த்தான். "இதுக்குள்ள இருந்தது எங்கை?"

நான் பிள்ளையாரைப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

"எல்லாமோ?"

"மிச்சம் விட்டிருந்தால் அவருக்குக் கால் இருந்திராது."

"ரெண்டு கொம்புச் சாணி அக்கா. ஆறு மாசம் மண்ணுக்குள்ள கிடந்தது. இந்தச் சரிவுக்கு இவ்வளவும்தான். மிச்சம் மற்றச் சரிவுகளுக்கு அளந்து வைச்சாச்சு."

பிள்ளையாரைத் தூக்கி உடைத்துக் கரைக்க அவனுக்கும் மனம் வரவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குளிர் நிலத்தில் கை கட்டிக்கொண்டு நின்றான். அந்த நேரம் தூரிகைகளோடு உர்சுலா வந்தார். கற்பூரத்தையும் எங்கள் முகங்களையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு ஏதோ கேட்டார்.

"இவர் ஆர் எண்டு கேக்கிறா" என்றான் தம்பி.

"விக்கினம் தீர்க்கிறவர் எண்டு சொல்லு."

"இப்ப விக்கினமே அவர்தான் அக்கா."

ஆனாலும் சொன்னான். உர்சுலா தலையாட்டிவிட்டு இன்னொரு கேள்வி கேட்டார். இவர் எவ்வளவு நேரம் இருப்பார், பிறகு எங்கே போவார் என்று கேட்டாராம்.

"கற்பூரம் ஆறின பிறகு தண்ணியில கரைக்கிறதுதான்" என்றேன். "கிணத்தடியில, இல்லாட்டிக் குளத்தில."

தம்பி அதை மொழிபெயர்த்து முடிக்கவில்லை. உர்சுலா பீப்பாயைக் கையால் காட்டினார்.

பூவையும் புல்லையும் எடுத்துவிட்டு, நாங்கள் மூன்று பேருமாகக் கை பிடித்து அவரைப் பீப்பாய்க்குள் இறக்கினோம். நான் தேவாரம் பாடினேன். உர்சுலா நேரம் பார்த்தார். ஒரு மணித்தியாலம் கரைக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. தடியால் ஒரு பக்கமாகச் சுழற்றி நடுவில் ஆழமாகக் குழி விழுந்ததும், திடீரென்று மற்றப் பக்கம் சுழற்ற வேண்டும். தண்ணீர் குழம்பி, திரும்பவும் குழி விழும். திரும்பவும் மாற்ற வேண்டும். நிறுத்தக் கூடாது. உர்சுலா கொஞ்ச நேரம், தம்பி கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம். குளிர்ச்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுழற்றினேன்.

தம்பியின் முறை வந்தபோது அவன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மனிதன் முப்பது வருடமாக மற்றவர்களின் கோப்பையையும் நிலத்தையும் துடைத்து, மற்றவர்களின் கொடியையும் வெட்டிவிட்டு, ஒரே ஒரு பொருளைத் தன் கையால் செய்திருக்கிறான். என் வார்த்தை கிடைக்காவிட்டால் அது பெயரில்லாமல் போகும். பெயர் கேட்டு அவன் இப்போதும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றவள் நான். பூசையும் முடிந்துவிட்டது.

"அம்மாவின்ர பேர் வேண்டாம்" என்றேன்.

அவன் தலை நிமிரவில்லை. "சரி அக்கா" என்றான். வசந்தி சொன்ன மாதிரியே. சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"கேள், நான் முடிக்கேல்லை. அம்மாவை இனி நாங்கள் ரெண்டு பேரும் கேக்க ஏலாது. அவ ஓம் எண்டும் சொல்ல மாட்டா, வேண்டாம் எண்டும் சொல்ல மாட்டா. வாய் திறக்க ஏலாத மனுசியின்ர பேரை எடுத்துப் போத்தலில ஒட்டக்கூடாது. என்னைக் கேக்கலாம்தானே. என்ரை பேரை வை. ஆரும் கேட்டால் நான் இருக்கிறன் பதில் சொல்ல. பாவம் எண்டால் என்னோடை போகட்டும்."

அவன் கை நின்றுவிட்டது. உர்சுலா சட்டென்று திரும்பி ஏதோ அதட்டினார். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நிறுத்தாதே என்றுதான் இருக்கும். அவன் திரும்பவும் சுழற்றத் தொடங்கினான். மூக்கைத் துடைக்கக் கை இல்லை. நான் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு.

பிறகு வாளிகளில் எடுத்துக்கொண்டு சரிவில் நடந்தோம். தூரிகையை நனைத்து வீச வேண்டும், பெரிய துளிகளாக விழ வேண்டும் என்று உர்சுலா காட்டினார். எனக்கு அது வரவில்லை. விடிய முற்றத்துக்குச் சாணித் தண்ணீர் தெளிக்கிற மாதிரிக் கையை விட்டு அள்ளி வீசினேன். உர்சுலா நின்று பார்த்தார். தன் தூரிகையை வாளிக்குள் போட்டுவிட்டு அவரும் கையால் வீசத் தொடங்கினார். "அக்கா, நல்லது" என்றார். அந்த இரண்டு சொல்லையும் தமிழிலேயே சொன்னார்.

சனிக்கிழமை காலை அபி மடிக்கணினியில் லேபிளைத் திறந்து என் பெயரை அடித்தாள். "மாமி, உங்கட போட்டோவும் போடுவமோ?" என்று கேட்டாள். படம் போட்டால் அடுத்த பிளேனில் ஏறிவிடுவேன் என்றேன். அதில் கீறியிருந்த கொடியும் பிறையும் போதும். அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன். என் பெயர் போகிற இடத்தை நான் பார்க்க வேண்டாமா? தம்பி என்னைத் தோட்டத்து நிலவறைக்குக் கூட்டிப் போய்க் குவளையை என் கையில் தந்தான். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். நாவற்பழம், கொஞ்சம் மிளகு, நேற்றைய பீப்பாயில் இருந்த ஈரமண். கள்ளுக் கொட்டில் மணம் இல்லை. குவளையை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். ஒரு துளி வாயில் படவில்லை. தம்பி அதை வாயில் விட்டான். அன்றைக்கு மட்டும் துப்பவில்லை.

நான் ஊருக்கு வந்து இறங்கும்போது கதை எனக்கு முதலே வந்து சேர்ந்திருந்தது. எந்த வழியால் வந்ததென்று கேட்க வேண்டாம், அந்தச் செம்மஞ்சள் மேலங்கித் தம்பியின் மாமி கோண்டாவிலில்தான் இருக்கிறார். முதலில் நான் அரைக் குவளை குடித்ததாக வந்தது. ஆடிப்பூரத்துக்குள் அது ஒரு போத்தல் ஆகிவிட்டது. பிள்ளையாருக்கு வைனால் அபிஷேகம் செய்தேன் என்று ஒருவர் சொன்னார். என் பெயரில் தம்பி அங்கே கள்ளுக்கடை திறந்திருக்கிறான், திறப்பு விழாவுக்குத்தான் நான் போனேன் என்று இன்னொருவர். மடைப்பள்ளியில் யாரும் என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. மோதகம் பிடிக்கும்போது மட்டும் என் மூச்சை மணந்து பார்க்கக் கிட்ட வந்து இருப்பார்கள்.

அவர்களோடு எனக்குக் கோபமில்லை. என் மேல் இன்னும் அன்பானவர்கள் செய்ததுதான் கூட வலித்தது. தவமணியக்காவுக்கு ஒன்றும் தெரியாது, தம்பி கேளாமல் பெயரைப் போட்டுவிட்டான் என்று எனக்காக வழக்குப் பேசினார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நாலு வருடம் சும்மா இருந்தேன். அது என்னைக் காப்பாற்றியது. அவனைக் களவாளியாக்கியது. பதில் சொல்ல நான் இருக்கிறேன் என்று அவனுக்குச் சொன்னவள் நான்.

ஆகவே படித்தவர்களே, இதை யாருக்கும் சொல்லுங்கள், வாசித்துக் காட்டுங்கள், படியெடுத்துக் கொடுங்கள். ஆனால் இருக்கிறபடி கொடுங்கள். நான் மணந்தேன், குடிக்கவில்லை. மணந்ததைக் குடித்ததாக ஆக்க வேண்டாம். மணக்கவே இல்லை என்று சொல்லி என்னைக் காப்பாற்றவும் வேண்டாம். தம்பி என்னிடம் ஒரு பெயர் கேட்டான். நான் வேறொரு பெயர் கொடுத்தேன், சுயபுத்தியோடு, விரத நாளில், பிள்ளையாரைக் கரைத்த கையோடு.